சங்கிலி ஜெபத்தில் ஒரு மெத்தைக் கம்பெனி

முதன்முதலாக இதை என்னிடம் சொன்னது ஞானப்பூ அக்காதான். போன வருஷம் அறுப்பின் பண்டிகை அன்று. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த காய்கறிகளைக் கோவில் வாசலில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று காதுக்குள் சொன்னாள்.

"ஏ எப்சி, உன் மக பியூலாவைப் பெங்களூருக்குக் கூப்பிடப் போறாங்களாமே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பதறிப்போய் "என்னக்கா?" என்று கையைத் தூக்கினேன். ஏலக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு முழுப் பூசணிக்காயை என் பேருக்கு முடித்துவிட்டார்.

உட்காருங்கம்மா. மாடி அறையைப் பார்க்கத்தானே வந்திருக்கீங்க, அது எங்கேயும் போகாது. ஏன் காலியா இருக்குன்னு கேட்டீங்க. கேட்ட பிறகு சொல்லாமல் இருக்கலாமா? குடிவருகிற பிள்ளையிடம் வீட்டைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். நீங்களும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பிள்ளை என்று சொன்னீங்க. அப்ப உங்களுக்கு நல்லாவே புரியும்.

பியூலா என் மூத்தவள். சின்னவன் மஸ்கட்டில். எங்க வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகிறது. பியூலாவின் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில்தான். அதனால் அவள் இங்கே பாளையங்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். அவள் கம்பெனி மெத்தையும் தலையணையும் விற்கிற கம்பெனி. கடை என்று ஒன்று கிடையாது. போனில் படம் பார்த்தே ஜனங்கள் மெத்தை வாங்குகிறார்கள். படுத்துப் பார்க்காமல் எப்படித்தான் வாங்குகிறார்களோ. அந்தப் படம், படத்துக்குக் கீழே வரும் எழுத்து, அதை யார் யாருக்குக் காட்டுவது என்கிற கணக்கு, இதற்கெல்லாம் மூணு பிள்ளைகள். மூணு பேருக்கும் இவள் தலைவி. ஆளுக்கொரு ஊர். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே இல்லை.

ரெஹானா ஆம்பூரில் இருக்கிறாள், எழுதுகிறவள். கோகுலன் ஈரோட்டில், படம் போடுகிறவன். ஹரிஹரன் சென்னையில், கணக்குப் பார்க்கிறவன். இவர்கள் எல்லாருக்கும் மேலே பெங்களூரில் ஸ்ரீவத்சன் என்று ஒரு சார். அவ்வளவுதான் ஆட்கள்.

ஞானப்பூ அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீங்க. அவள் தம்பி மகன் ஜெபத்துரை அதே கம்பெனியில் கணக்குப் பகுதியில் இருக்கிறான். அக்கா அவனிடம் சிபாரிசு கேட்டுத்தான் பியூலா அங்கே சேர்ந்ததே.

பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பியூலாவிடம் கேட்டேன்.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரோ சொன்னாங்க. உண்மையா, இல்லையா?"

பூசணிக்காயை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள். "வேலை சரியா நடக்கலைம்மா. மூணு பேரும் மூணு ஊர்ல இருக்கிறதாலதான் இப்படின்னு ஸ்ரீவத்சன் சார் நினைக்கிறாரு. பொங்கல் விற்பனையும் படுத்துடுச்சுன்னா எல்லாரும் பெங்களூர் ஆபீஸுக்கு வந்துடணும். நானும்தான்."

"கர்த்தருக்குச் சித்தமானது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனாலும் இருக்கலாம்.

நான் பிள்ளைகளை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிற தாய் இல்லை. மஸ்கட்டுக்கு ஒருத்தனை அனுப்பவில்லையா? ஆனால் பியூலாவுக்குப் பெங்களூர் குளிர் ஆகாது. சின்ன வயசிலேயே சளி. அதை மட்டும்தான் நான் யோசித்தேன்.

வேலை ஏன் சரியாக நடக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. அதோடு நான் ஒட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உள்ளி, அதான் சின்ன வெங்காயம், உரிப்பேன். அங்கேதான் நல்ல வெளிச்சம் வரும். உட்கார்ந்தால் காதில் விழத்தானே செய்யும்.

காலையில் ஒரு கூட்டம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். சாயங்காலம் ஒன்று. எல்லாரும் கேமராவைப் போட்டு முகத்தைக் காட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நடுநடுவே பியூலா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்பாள்: "எங்க வரைக்கும் வந்திருக்கு?" பத்து நிமிஷம் கழித்து மறுபடியும், "எங்க வரைக்கும் வந்திருக்கு?" அவங்க அப்பாவும் இப்படித்தான். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நான் குளிக்கப் போனால், வெந்துவிட்டதா வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். நான் வரும்போது சோறு அரைவேக்காடாகத்தான் இருக்கும். பாவம், அக்கறையில் செய்கிறதுதான்.

அந்தப் பிள்ளைகளும் "ஓகே மேம், ஓகே மேம்" என்பார்கள். வேறு பேச்சே கிடையாது. நான் டீ கொண்டுபோய் வைக்கும்போது எட்டிப் பார்ப்பேன். கட்டம் கட்டமாக மூணு முகம். மூணும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் இவளுக்குக் கப்பலிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை எப்போதாவதுதான் கூப்பிட முடியும். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். நான் டீயோடு நிற்கிறேன். மூணு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசாமல் போகலாமா?

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றேன்.

யாரும் சாப்பிடவில்லை.

"முகமெல்லாம் வாடியிருக்கே. ஏதாவது கஷ்டம் இருந்தா சொல்லுங்க, ஜெபக் குறிப்புல சேர்த்து ஜெபிக்கிறேன்."

ஹரிஹரன் திருதிருவென்று விழித்தான். "ஆன்ட்டி, நாங்க ஐயர்."

"எங்க கோவில்லேயும் ஐயர்தாம்பா இருக்காரு. நீ சும்மா சொல்லு."

நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அது அவனுக்கு எங்கே தெரியும். நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, அதிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டான். மூணு பேரும் என் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ரெஹானா சொன்னாள்: "கேமராவைப் போடச் சொல்றாங்க ஆன்ட்டி. எங்க வீட்ல நெட் கிடைக்கிறது கூடத்துல மட்டும்தான். நான் கேமராவைப் போட்டு உட்கார்ந்தா எங்க மாமியார் அந்தப் பக்கம் வர முடியாது. வெளி ஆம்பளைங்க பார்ப்பாங்கல்ல. காலையிலேர்ந்து சாயங்காலம் வரை சமையல் ரூம்லயே அடைஞ்சு கிடக்கிறாங்க. மேம்கிட்ட சொல்லப் பயமா இருக்கு."

கோகுலன் சொன்னான்: "காலையில எந்திரிக்கவே முடியல ஆன்ட்டி. எங்க மாமா பிளெக்ஸ் பேனர் கடை வச்சிருக்காரு. அங்கயும் வேலை பார்த்துட்டுத் தூங்கறேன். மேம் காதுக்குப் போயிடக் கூடாது."

ஹரிஹரன் கடைசியாகக் கூப்பிட்டான். குரலை இறக்கிக்கொண்டு பேசினான். "வேற கம்பெனியில இன்டர்வியூ இருக்கு ஆன்ட்டி, வர்ற வியாழக்கிழமை. உங்களை நம்பிச் சொல்றேன். யாருக்கும் தெரியக் கூடாது."

"நான் யாருக்குப்பா சொல்லப் போறேன், கர்த்தருக்குச் சொல்லுவேன்."

ஹரிஹரன் போய்விட்டால் பொங்கல் விற்பனை கெட்டுவிடும், விற்பனை கெட்டால் பியூலா பெங்களூருக்குப் போக வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவனுக்காக ஜெபித்தேன். அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும் ஆண்டவரே, கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தாலும் பரவாயில்லை என்று.

இப்ப உங்களுக்குச் சங்கிலி ஜெபம் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். எங்கள் பெண்கள் சங்கத்தில் வழக்கமாக நடக்கிறதுதான். விடியற்காலையில் ஐயரம்மா, அதாவது போதகர் சம்சாரம், ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் அவர்கள் வீட்டிலேயே ஜெபித்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் போன் போட்டு, "இதுவரை இன்னின்ன குறிப்புக்கு ஜெபிச்சாச்சு, இங்கேயிருந்து நீ எடுத்துக்கோ" என்று கைமாற்றிவிடுவார்கள். அந்த ஆள் முடித்ததும் அவளுக்கு அடுத்தவளுக்கு. இப்படியே பொழுது சாயும் வரை ஒரு நிமிஷம் அறுபடாமல் போகும். யாரும் ஐயரம்மாவுக்கு நடுவில் போன் பண்ண மாட்டார்கள். அவர்களும் யாரையும் கூப்பிட்டு ஜெபிச்சியா ஜெபிச்சியா என்று கேட்க மாட்டார்கள். கடைசி ஆள் மட்டும் கூப்பிட்டு "முடிஞ்சுதுங்க" என்பாள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த மாதம் சங்கிலியில் மழைக்காகவும் வியாதியஸ்தருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தோம். நான் இந்த மூணு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். பொத்தாம்பொதுவாக ஜெபித்தால் மனசு ஒன்றாதும்மா. விவரம் வேண்டும். அதனால் சங்கத்து வாட்ஸப் குழுவில் விவரமாகப் போட்டேன். எனக்கு டைப் பண்ண வராது, எமிமா டீச்சர் போட்டுக் கொடுத்தாள். ரிட்டயர் ஆன டீச்சர், தமிழ் சுத்தமாக இருக்கும்.

'ஆம்பூர் சகோதரி ரெஹானாவின் மாமியார் சமையலறையிலிருந்து விடுதலையாகும்படி. ஈரோடு தம்பி கோகுலன் பேனர் கடை வேலையிலிருந்து விடுபட்டு, காலையில் எழும்பும்படி. சென்னை தம்பி ஹரிஹரன் வியாழக்கிழமை வேறு வேலைக்கு இன்டர்வியூ போவதற்காக. இது இரகசியம். சகோதரிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவும்.'

எவ்வளவு ஜாக்கிரதையாகப் போட்டேன் பாருங்க. இரகசியம் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது.

எங்கள் சகோதரிகளும் சும்மா சொல்லக் கூடாது, ஏனோதானோ என்று ஜெபிக்கிறவர்கள் இல்லை. ஞானப்பூ அக்கா என்னிடம் மூணு பேர் நம்பரையும் கேட்டு வாங்கினாள். "ஜெபிச்சா மட்டும் போதுமா எப்சி, எழுப்பியும் விடணும்லா" என்று விடியற்காலையில் கோகுலனுக்குப் போன் போட்டுவிட்டாள். அவன் மறுபடி தூங்கியிருப்பானோ என்று அடுத்த ஆள் போட்டாள். அவளுக்கு அடுத்தவள், "தம்பி, அந்தப் பேனர் கடைக்காரர்கிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டாளாம். எமிமா டீச்சர் ரெஹானாவைக் கூப்பிட்டு மாமியாரிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, ஆம்பூரில் பிரியாணிக்கு என்ன அரிசி போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்குச் சமையல் அறையில் ஒரு பேச்சுத்துணை ஆயிற்று.

நானும் ரெஹானாவிடம் பேசினேன். அவள் விளம்பரத்துக்கு எழுதியதைப் படித்துக் காட்டினாள். 'நிம்மதியான உறக்கம் உங்கள் உரிமை' என்று. "உரிமை எல்லாம் எதுக்கு பிள்ளே, இடுப்பு வலிக்காதுன்னு எழுது" என்றேன். சிரித்தாள். எழுதவில்லை. போகட்டும், படித்த பிள்ளை, அவளுக்குத் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பியூலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அம்மா, ஹரிஹரன் இன்டர்வியூ போனது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். ஜெபக் குறிப்பாகத்தான் தெரியும். மற்றபடி எனக்கு எப்படித் தெரியும்.

"ஸ்ரீவத்சன் சார் கேட்கிறாரு. உன் டீம்ல ஒருத்தன் வேற வேலை தேடுறான், இன்னொருத்தன் ரெண்டு வேலை பார்க்கிறான், உனக்கே தெரியலையான்னு. ரெஹானா மாமியார் சமையல் ரூம்ல இருக்கிறதுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. பெங்களூருக்கு எப்படிப் போச்சு அது?"

நடந்தது இதுதான். ஞானப்பூ அக்கா குழுவில் வந்ததைத் தன் தம்பி பெண்டாட்டிக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் பெங்களூர்த் தமிழ்ச் சபையில் ஜெப வீராங்கனை. புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஊரும் பேரும் சொல்லிக் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறாள். பக்கத்தில் அவள் மகன் ஜெபத்துரை. மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபித்தார்கள், அவன் கண்ணைத் திறந்துகொண்டான். கம்பெனிக்குப் போய்ச் சொல்லிவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எதையும் நம்பிச் சொல்ல முடியவில்லை.

"அம்மா, நீ யாருக்கும்மா சொன்னே?"

"நான் யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லல பியூலா. ஜெபத்துல மட்டும்தான் வச்சேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பொங்கலுக்கு அப்புறம் எல்லாரும் பெங்களூர்னு சொல்லிட்டாரு. திங்கட்கிழமை அவங்ககிட்ட நான்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். ரெண்டு நாள் என்னோடு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பாட்டுப் புத்தகத்தைக்கூட என் பக்கம் திருப்பவில்லை.

நான் ஆண்டவரிடம் கேட்டேன். உம்முடைய பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசியது குற்றமா என்று. பதில் வரவில்லை. அப்ப குற்றமில்லை என்றுதானே அர்த்தம்.

திங்கட்கிழமை காலையில் பியூலா சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு மாடிப் பக்கம் வராதே. டீ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." நான் போகவில்லை. படியில்தான் உட்கார்ந்திருந்தேன். படி வேறு, மாடி வேறு. உள்ளி நிறையக் கிடந்தது.

அவள் பேச ஆரம்பித்தாள். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்..." என்று இழுத்தாள். அதற்குள் ஹரிஹரன் முந்திக்கொண்டான்.

"மேம், நானே சொல்லிடறேன். இன்டர்வியூக்குப் போனது நிஜம்தான். கிடைக்கலை."

"ஏன்?"

"உள்ள உட்கார்ந்திருக்கும்போது போன் மேல போன். முதல்ல ஞானப்பூன்னு ஒரு அம்மா, ‘தம்பி, உள்ளே கூப்பிட்டுட்டாங்களா?’ன்னாங்க. அப்புறம் ஒரு டீச்சர், பயப்படாமப் பேசுன்னு. அப்புறம் யாருன்னே தெரியல மேம், மழை பெய்யுதா, குடை கொண்டு போயிருக்கியான்னு கேட்டாங்க. முன்னாடி உட்கார்ந்திருந்தவர், உங்களுக்கு வீட்ல ஏதோ அவசரம் போல, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டார்."

அப்புறம் ரெஹானாவிடமிருந்து ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிச் சிரிக்கிறாள். கோகுலன் சொல்கிறான்: "எங்க மாமாவே என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாரு மேம். பாளையங்கோட்டையிலிருந்து யாரோ ஒரு லேடி கூப்பிட்டு, ஒரு பச்சைப் பிள்ளையை இப்படித் தூங்கவிடாம வேலை வாங்குறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கான்னு கேட்டாங்களாம்." இப்ப மூணு பேரும் சிரிக்கிறார்கள். ஹரிஹரனும்தான். கடைசியில் பியூலாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று எனக்கு.

அப்புறம் அவள் கேட்டாள்: "இதெல்லாம் ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை?"

ஹரிஹரன்தான் பதில் சொன்னான். "நீங்க எங்க வரைக்கும் வந்திருக்குன்னுதானே மேம் கேட்பீங்க. ஆன்ட்டி என்ன கஷ்டம்னு கேட்டாங்க."

அதுக்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது, நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து உட்காரும்போது ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெஹானா எழுதி முடிப்பதற்கு முன்னாலேயே கோகுலன் படம் போட்டுவிடுகிறானாம், பிறகு அது இதற்குப் பொருந்தாமல் போகிறதாம். ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்கு எப்போது வருகிறதென்றே தெரியாதாம். எல்லாரும் பியூலாவுக்கே அனுப்பிவிட்டு, பியூலா சொல்லட்டும் என்று காத்துக்கிடப்பார்களாம். அன்றைக்குத்தான் மூணு பேரும் கூட்டத்தில் வாய் திறந்து பேசிக் கேட்டேன். கீழே சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு பியூலா என்னவோ புதுசாக ஒரு முறை கொண்டுவந்தாள். எந்தப் புத்தகத்தில் படித்தாளோ, தெரியாது. கேமரா வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் ஒரே ஒரு கூட்டம். அதற்கப்புறம் ரெஹானா எழுதி முடித்ததும் கோகுலனுக்கு நேராகப் போன் போட்டு, "இதுவரை முடிஞ்சுது, இங்கேயிருந்து நீ எடுத்துக்கோ" என்று சொல்லிவிட வேண்டும். கோகுலன் முடித்தால் ஹரிஹரனுக்கு. நடுவில் இவளை யாரும் கூப்பிடத் தேவையில்லை, இவளும் யாரையும் கூப்பிட்டுக் கேட்க மாட்டாள். கடைசியில் ஹரிஹரன் மட்டும் சாயங்காலம் கூப்பிட்டு "முடிஞ்சுது மேம்" என்பான். ரொம்பப் புத்திசாலித்தனமான முறை. என் பிள்ளைக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ. எங்க ஐயரம்மாவிடம்கூட இதைச் சொன்னேன், அவர்கள் என்னையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்படியா எப்சி" என்றார்கள். பாவம், அவர்களுக்குக் கம்பெனி விஷயம் எங்கே புரியப்போகுது.

பியூலா ஸ்ரீவத்சன் சாரிடம் பேசி, பொங்கல் விற்பனையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்க என்று தவணை வாங்கினாள். பொங்கல் விற்பனையில் மெத்தை எல்லாம் தீர்ந்து, கடைசியில் தலையணை மட்டும்தான் மிச்சம் என்றாள். 'உங்கள் உரிமை'தான் போட்டார்கள், அப்படியும் விற்றுவிட்டது. ஸ்ரீவத்சன் சாரே கூப்பிட்டு, அவரவர் அவரவர் ஊரிலேயே இருங்க, பெங்களூருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஹரிஹரன் வேறு வேலை தேடுவதை விட்டுவிட்டான். ரெஹானாவின் மாமியார் இப்பக் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்களாம். எல்லாம் ஜெபத்தினால் வந்ததும்மா. சங்கத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொன்னேன். பியூலா வந்திருந்தாள், தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு நன்றியில் மனசு நிறைந்துவிட்டது.

நீங்க கேட்டது மாடி அறை. அதற்குத்தான் வருகிறேன்.

பொங்கல் முடிந்த வாரமே பியூலா இங்கே பக்கத்தில் சமாதானபுரத்தில் ஒரு சின்ன அறை பார்த்து, மேஜை நாற்காலியை அங்கே கொண்டுபோய்விட்டாள். காலையில் போவாள், அங்கேயிருந்து வேலை பார்ப்பாள். ஏன் என்று கேட்டேன். "இங்க நெட்வொர்க் சரியில்லம்மா" என்றாள். பயப்படாதீங்க, உங்களுக்குச் சரியாகவே கிடைக்கும். மூணு வருஷம் அவளுக்குக் கிடைத்ததுதானே. அந்த ஒரு வாரம் மட்டும் என்ன கோளாறோ. என் போனில்கூட அதே நேரத்தில் ஏதோ கோளாறு. அந்த மூணு பிள்ளைகளின் நம்பரும் தானாக அழிந்துபோயிற்று. பியூலாதான் பார்த்துவிட்டு, "போன் பழசாயிடுச்சும்மா" என்றாள். நல்லவேளை, ரெஹானாவின் மாமியார் நம்பர் எமிமா டீச்சரிடம் இருந்தது.

அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. பியூலா போட்டது. நான் ஏறி வந்து தட்ட மாட்டேன், முழங்கால் வலி. டீ வேண்டுமென்றால் சொல்லுங்க, படி வரைக்கும் கொண்டுவந்து தருகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மாடியில் இருந்தபோது அவள் சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு, என்ன சாப்பிடுகிறோம் என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுவாள். இப்ப ஒரு மணிக்கு வண்டியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். என் எதிரில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லி, ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறாள். "இன்னைக்கு என்னம்மா பண்ணினே?" என்று கேட்கிறாள். மூணு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. பதினைந்து நிமிஷம், இருபது நிமிஷம். அவ்வளவு போதும் எனக்கு. பெங்களூருக்குப் போயிருந்தால் இது எங்கே.

இருங்க, உங்க போன் அடிக்குது. எடுங்கம்மா, எடுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆபீஸ் போல. "இன்னும் முடியல சார், சாயங்காலத்துக்குள்ள தந்துடறேன் சார்" என்று சொன்னீங்க. காதில் விழுந்தது, அதனால் சொல்கிறேன். முகமே மாறிப்போச்சே. கண்ணுகூட லேசாக் கலங்கின மாதிரி இருக்கு. அவர் எப்பவும் இப்படித்தான் கூப்பிடுவாரா? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். பியூலா கண்டித்துச் சொல்லியிருக்கிறாள், குடிவருகிற பிள்ளையிடம் வாயைக் கொடுக்காதே என்று.

அறை பிடித்திருந்தால் நாளைக்கே வந்துடுங்க. முன்பணம், வாடகை எல்லாம் பியூலாவிடம் பேசிக்கொள்ளலாம். போகிறதுக்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கம்மா. அந்த சாருடைய பேரையும், அவர் எந்த ஊர் என்பதையும் மட்டும் சொல்லிட்டுப் போங்க.